இளவரசி அளந்த கடல்

கடல்மட்டத்தை அளக்க வேண்டுமென்றால் கடலுக்குப் போகக் கூடாது. அங்கே அலை அடித்துக்கொண்டே இருக்கும். எந்த நொடியின் தண்ணீரை அளப்பது? அதனால் கரையில் ஒரு கிணறு தோண்டி, கிணற்றுக்கும் கடலுக்கும் இடையே நிலத்துக்கடியில் ஒரு குழாய் பதிக்க வேண்டும். குழாய் ஒடுக்கமாக இருக்க வேண்டும். அலை உள்ளே நுழையலாமா என்று யோசிப்பதற்குள் திரும்பிப் போயிருக்கும். ஆனால் கடல் உண்மையாகவே ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் செய்தி மட்டும் மெதுவாகக் கிணற்றுக்கு வந்து சேரும். கிணற்றின் சுவரில் பித்தளை அளவுகோல் ஒன்று. அதன் பூச்சியம், பாறையில் வெட்டிய ஒரு கோட்டுக்கு நேராக இருக்கும். இவ்வளவுதான் கருவி. கெட்டுப்போவதற்கு இதில் எதுவுமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட கிணறு ஒன்று எங்கள் ஊரான ஹெல்னேவிக்கில், அரச கடல்மட்டக் கழகத்தின் பின்முற்றத்தில், சிவப்புச் சாயம் பூசிய மரக்கொட்டகைக்குள் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. துறைமுகத்தில் படகுகள் தரை தட்டுகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் குறைவதால் என்றது ஒரு கட்சி. நிலம் உயர்வதால் என்றது இன்னொன்று. தேவாலய வாசலில் கைகலப்பு வரைக்கும் போன பிறகு, யாரோ ஒரு புண்ணியவான் ஆளுக்கொன்று பேசுவதைவிடத் தினமும் அளந்து பார்க்கலாமே என்றான். கழகம் பிறந்தது அப்படித்தான்.

உயர்வது நிலம்தான். ஒரு காலத்தில் எங்கள் ஊர்மேல் மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது. கனத்த ஆள் எழுந்து போன பிறகு மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி வருமில்லையா, அதுபோல இந்தக் கரை இன்னும் உப்பிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர். முதல் நாள் வாசிப்பை இன்றைய அலகில் சொன்னால் 352 சென்டிமீட்டர். இப்போதெல்லாம் 140ஐ ஒட்டி நிற்கிறது. கழகத்தின் வாசலில் படகு கட்டிய இரும்பு வளையத்தில் இப்போது சைக்கிளைக் கட்டுகிறோம்.

இது தெரிந்தது எப்படி என்றால், ஒரு நாள் விடாமல் அளந்ததால். விதிகள் நான்கு. ஒன்று, நகர மண்டபக் கடிகாரம் நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு, சத்தியப்பிரமாணம் செய்த வாசிப்பாளர் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் பதவியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இருக்கலாம். மூன்று, அவருக்கு முடியாத நாளில் எழுத்தில் நியமிக்கப்பட்ட பதிலாள் எடுக்கலாம். நான்கு, தவறிவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். பிறகு எவரும் எதையும் இட்டு நிரப்பக் கூடாது. இந்த நான்காவது விதிக்கு இதுவரை வேலையே வந்ததில்லை. காலியிடமே கிடையாது. கழகத்தின் இருநூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு முந்தின நாளோடு 91,311 வாசிப்புகள்.

கடைசிப் பத்தொன்பது ஆண்டுகளாக எழுதியது நான். பெயர் வெண்டெலா. அதற்கு முன் பயணிகள் கப்பல்களில் பம்புகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். கழகத்தில் முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இரண்டே பேர். நானும், காபி போடும் குன்-பிரிட்டும்.

பிப்ரவரியில், கழகத்தின் நிரந்தரச் செயலர் தோர்கெல் என்னைக் கூட்டத்துக்கு அழைத்தார். இருநூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு இளவரசி யுஸ்டினா வருகிறார். பதினொன்றேகாலுக்கு அமர்வார், பன்னிரண்டே காலுக்கு எழுவார். அவர் அமர்ந்திருக்கும்போது மண்டபத்தில் யாரும் எழுந்து வெளியே போகக் கூடாது.

"பன்னிரண்டு மணிக்கு நான் கிணத்துல இருக்கணுமே" என்றேன்.

"அன்னைக்கு ஒரு நாள் பன்னிரண்டரைக்கு எடேன், வெண்டெலா."

"விதியில பன்னிரண்டுன்னு இருக்கு."

"விதியை எழுதினது யாரு? கழகம். விழா நடத்துறது யாரு? கழகம். தன்னோட தானே சண்டை போட்டுக்குமா?"

"சரி, நான் மண்டபத்துக்கே வரலை. கிணத்துலயே இருந்துக்கறேன்."

"அது எப்படி முடியும்? விழாவே உன் வாசிப்பைக் கொண்டாடத்தானே! நீ இல்லாம எப்படி?"

இதை விசாரிக்க நண்பகல் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது ஐந்து முறை கூடியது. அன்றைக்கு மட்டும் நகர மண்டபக் கடிகாரத்தை அரைமணி தாமதமாக வைக்கும்படி நகராட்சியைக் கேட்டது. பேருந்துகள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன என்று நகராட்சி மறுத்தது. அறிவியலின்மேல் நகராட்சிக்கு மரியாதையில்லை என்று துணைக்குழு வருத்தம் தெரிவித்தது. பிறகு கழகத் தலைவர் பேராசிரியர் ஏவால்ட் ஒரு வழி சொன்னார். அவர் பாசி நிபுணர். கடல்மட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சிந்திக்கக்கூடியவர்.

"முந்தின நாளே ரெண்டு தடவை எடுத்து வெச்சிரு. ஒரே நாள்ல கடல் என்ன பெரிசா மாறிடப் போகுது?"

"காத்தழுத்தம் கூடினா மாறும், ஏவால்ட். காத்து கடலை அழுத்தும். ஒரு மில்லிபார் கூடினா ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணி இறங்கும். தெக்குக் காத்து அடிச்சா..."

"நான் கேட்டது வேற. பெரிசா மாறாதுன்னா, தினம் எதுக்கு எடுக்கணும்?"

"மாறுதா இல்லையான்னு பாக்கத்தான்."

அவர் தோர்கெலைப் பார்த்தார். தோர்கெல் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வாசிப்பின் நோக்கம் பற்றிக் கழகத்துக்குள்ளே கருத்து வேறுபாடு நிலவுவதாக எழுதினார் என்று பின்னால் தெரிந்தது.

மே மாதம் அரண்மனையின் உபசார அதிகாரி வந்தார். ஒல்லியானவர், நடந்தால் சத்தம் வராத காலணி. கிணற்றைக் காட்டினேன். பதினோரு படி, ஈரம், வழுக்கல், அடிப்படியில் முட்டி போடுவதற்கு நான் போட்டு வைத்திருக்கும் பழைய ரப்பர் துண்டு. கண் தண்ணீரின் மட்டத்துக்கு நேராக வந்தால்தான் அளவு சரியாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் ஒரு விரற்கடை தப்பும், அதனால்தான் முட்டி போடுகிறோம் என்று விளக்கினேன். இதை விளக்க எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

"இளவரசி அம்மையார் முட்டி போடுவதில்லை" என்றார் அவர்.

"அப்போ அளவு தப்பா வரும்."

"வழுக்கலான இடங்களில் அவர் கீழே இறங்குவதுமில்லை. கிணறு மேலே வர முடியுமா?"

நான் சிரித்தேன். தோர்கெல் சிரிக்கவில்லை. "ஏன் முடியாது?" என்றார்.

அப்படித்தான் மேடைக் கிணறு உருவாயிற்று. நாடக அரங்குக்குக் காட்சிப் பொருள் செய்யும் தச்சர் ஒருவர் ஒட்டுப்பலகையில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பீப்பாயைச் செய்து, வெளியே கல் மாதிரி வண்ணம் தீட்டினார். பாசிகூட வரைந்திருந்தார். அதை மட்டும் ஏவால்ட் கூர்ந்து பார்த்துவிட்டு, அந்த இனம் இவ்வளவு வடக்கே வளராது என்று திருத்தச் சொன்னார். ஒரு பக்கம் கண்ணாடிச் சன்னல். அதன் பின்னால் 200இல் தொடங்கும் ஓர் அளவுகோல். தண்ணீர் 250இல் நிற்கும்படி ஊற்றுவது என்று முடிவாயிற்று.

"எதுக்கு இருநூத்தைம்பது?" என்றேன்.

"இருநூத்தைம்பது வருஷம்" என்றார் ஏவால்ட், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"கடல் அந்த மட்டத்துல இருந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே."

"இது கடல் இல்லை, வெண்டெலா. கடலோட கௌரவம்."

"சரி. இளவரசி பாத்துட்டு எதுல எழுதுவாங்க?"

"புத்தகத்துல."

"எந்தப் புத்தகத்துல?"

தோர்கெல் என்னை வியப்போடு பார்த்தார். "புத்தகம் ஒண்ணுதானே இருக்கு? அதை நீதான் வெல்வெட் மெத்தையில வெச்சுக் கொண்டு வரப் போறே. நிகழ்ச்சி நிரல்ல ஏழாவது."

அதுவரை ஒரு நாள் காலியாகிவிடுமே என்றுதான் எனக்குக் கவலை. ஒரு காலியிடம் நேர்மையானது. பின்னால் வருகிறவன் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்வான். பொய் எண் அப்படியல்ல. மற்ற எண்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். அன்றிரவே இதை நாலு பக்கத்துக்கு எழுதிச் செயற்குழுவுக்குக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாகவும், கண்காட்சியில் வைக்கலாம் என்றும் பதில் வந்தது.

பீப்பாயைப் பற்றியும் எச்சரித்தேன். அது என் பழைய தொழில். தண்ணீரின் பாரம் அடிப் பொருத்தில்தான் அதிகம் விழும். மரம் தண்ணீரைக் குடித்து ஊதினால்தான் பொருத்து இறுகும். அதற்கு இரண்டு நாளாவது ஊற்றி வைக்க வேண்டும். ஊற்றி வைத்தால் வண்ணம் கரையும் என்றார்கள். விழாவன்று காலையில்தான் ஊற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒட்டுப்பலகைக்குத் தீர்மானம் புரியாது என்றேன். அதையும் தோர்கெல் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒத்திகை. எங்கள் நாட்டில் பிரதம மந்திரியைக்கூடப் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம். அரச குடும்பத்தாரிடம் மட்டும் அது கூடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் வேறெங்கோ இருப்பதுபோலப் பேச வேண்டும். இதற்குப் பழக்கம் வேண்டுமே. இளவரசியின் இடத்தில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தவள் குன்-பிரிட் மட்டும்தான். ஆனால் ஏவால்ட் சம்மதிக்கவில்லை.

"நான் முப்பது வருஷப் பேராசிரியர். அரண்மனைக் காகிதம் இல்லாம காபிக்காரிக்கு முன்னாடி குனிய மாட்டேன்."

"காகிதம் இருந்தா குனிவியா?" என்று கேட்டாள் குன்-பிரிட்.

"இருந்தா அது வேற விஷயம்."

உபசார அதிகாரி அரண்மனைக்கு எழுதினார். மூன்று வாரத்தில் கனத்த தாளில், சிவப்பு முத்திரையோடு கடிதம் வந்தது. விழா ஆண்டு முடியும்வரை, விழாவை ஒட்டிய எல்லாக் காரியங்களிலும், இதை வைத்திருக்கும் குன்-பிரிட் ஹேயல்ம் இளவரசி அம்மையாருக்குப் பதிலாள் ஆவார் என்று எழுதியிருந்தது. இளவரசியின் கையெழுத்தும் இருந்தது. குன்-பிரிட் அதைப் படித்துவிட்டு நான்காக மடித்து மேலங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். ஏவால்ட் குனிந்தார்.

"இளவரசி அம்மையாருக்குக் காபி வேண்டுமா?" என்றார்.

"வேணும். ஆனா நான்தான் போடணும்" என்றாள் குன்-பிரிட்.

"அப்படிப் பதில் சொல்லக் கூடாது" என்றார் உபசார அதிகாரி.

"சரி. இளவரசிக்கு வேணும், குன்-பிரிட்தான் போடணும். போதுமா?"

அந்த ஒத்திகை நான்கு முறை நடந்தது. மூன்றாவது ஒத்திகையில் கேக் பிரச்சினை எழுந்தது. எங்கள் ஊரில் எந்த விசேஷத்துக்கும் பச்சைப் பாதாம் மாவு போர்த்திய இளவரசிக் கேக்தான். இளவரசியின் கண்ணெதிரே அந்தப் பெயருள்ள பண்டத்தைக் கத்தியால் வெட்டுவது சரியா? துணைக்குழு அன்றைக்கு மட்டும் அதன் பெயரை வட்டக் கேக் என்று மாற்றியது. கடைக்காரர் பெயர்ப் பலகையையும் மாற்ற ஒப்புக்கொண்டார். நண்பகலை மாற்ற முடியாத ஊரில் கேக்கையாவது மாற்ற முடிந்ததில் தோர்கெலுக்கு நிம்மதி.

செப்டம்பர் பதினான்கு, விழா நாள். முந்தின நாள் வாசிப்பு 142. விழாவன்று எனக்குப் பதிலாளாகப் பக்கத்து வீட்டுப் படகோட்டியை எழுத்தில் நியமித்து, கொட்டகைச் சாவியையும் கொடுத்திருந்தேன். பத்து மணிக்கு அவர் திரும்பி வந்தார். கொட்டகைக்கு அரண்மனைக் காவலர்கள் நீல ரிப்பன் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள், சாவியையும் வாங்கித் தோர்கெலிடம் கொடுத்துவிட்டார்கள். சாயம் உரிந்த கொட்டகை இளவரசியின் கண்ணில் பட வேண்டாமென்று அதன் முன்னால் பெரிய துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணியில் அதே கொட்டகையின் படம், புதுச் சாயத்தோடு.

பதினொன்றேகாலுக்கு இளவரசி வந்து அமர்ந்தார். நடுவயதுக்காரர், சாம்பல் நிறக் கோட்டு, களைத்த முகம். நான் மேடை ஓரத்தில் வெல்வெட் மெத்தையில் புத்தகத்தை ஏந்தி நின்றேன். எனக்கு மூன்றடி தூரத்தில் மேடைக் கிணறு. தண்ணீர் சரியாக 250இல் நின்றது.

முதலில் மாகாண ஆளுநர் பேசினார். "இரண்டரை நூற்றாண்டாக இந்தக் கழகம் ஒரே காரியத்தை, ஒரே நேரத்தில், ஏனென்று கேட்காமல் செய்து வந்திருக்கிறது. என் நிர்வாகத்துக்கும் இதுவே லட்சியம்" என்றார். கைதட்டல். 247.

நான் பீப்பாயின் அடியைப் பார்த்தேன். தச்சர் வரைந்திருந்த பாசிக்குக் கீழே, வரையாத ஈரம் ஒன்று தெரிந்தது. மேடையின் சரிவு இளவரசியின் நாற்காலிப் பக்கம்.

அடுத்து தோர்கெல். "கடல் ஏறலாம், இறங்கலாம். ஆட்சிகள் வரலாம், போகலாம். மாறாதது கழகத்தின் செயலகம் ஒன்றுதான். எனக்கு முந்தைய செயலர் நாற்பத்தோரு ஆண்டு இருந்தார். கிணற்றை நேரில் பார்க்க அவருக்கு ஒரு முறைகூட நேரம் கிடைத்ததில்லை. அவ்வளவு பணி!" 241. முன்வரிசையில் யாரோ காலைத் தூக்கி வைத்தார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. அரச குடும்பத்தார் முன்னால் கீழே பார்ப்பது ஒத்திகையில் இல்லை.

கடைசியாக ஏவால்ட். அவர் பேச்சு பன்னிரண்டு நிமிடத்துக்குத் திட்டமிட்டது. இருபத்துமூன்று நிமிடம் போயிற்று. "தரவு என்பது என்ன? வெறும் எண். அதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அதை யார் எழுதினார் என்பதிலிருந்து! இதுவரை அதைச் சாமானியர்கள் எழுதினார்கள், நாம் பொறுத்துக்கொண்டோம்" என்றார். நான் மெத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 234. அருகே இருந்த உபசார அதிகாரியிடம், "ஒழுகுது" என்றேன் மெதுவாக. "நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் அவர், இன்னும் மெதுவாக. அவருடைய சத்தமில்லாத காலணியும் இப்போது சதக் சதக் என்றது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு இளவரசி எழுந்து மேடைக் கிணற்றுக்கு வந்தார். கண்ணாடிச் சன்னலைப் பார்த்தார்.

"இளவரசி அம்மையாருக்கு அளவு தெரிகிறதா?" என்றார் ஏவால்ட்.

"தெரியுது. இருநூத்து முப்பத்தொண்ணு. நீங்க குடுத்த குறிப்புல இருநூத்தைம்பதுன்னு இருந்துதே?" அவர் தன் காலணியைத் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இது தண்ணி குறையுதா, இல்ல மேடை உயருதா?"

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கழகத்தைத் தொடங்க வைத்த அதே கேள்வி.

"மேடைதான் உயர்கிறது" என்றார் ஏவால்ட் தயங்காமல். "இந்த மண்ணின் இயல்பு அது. இளவரசி அம்மையாரின் வருகையால் இன்று சற்று வேகமாக உயர்கிறது."

எழுந்த கைதட்டலில் சன்னல்கள் அதிர்ந்தன. அறுபது அறிஞர்கள், நனைந்த காலோடு கைதட்டினார்கள். நகர மண்டபத்தில் முதல் மணி அடித்தது. இளவரசி பேனாவை எடுத்தார்.

"எழுதாதே" என்றேன். "நீ எழுதாதே. அது கடல் இல்லை, பீப்பாய்."

நான் சொன்ன செய்தி யார் காதிலும் விழவில்லை. நீ என்றது எல்லோர் காதிலும் விழுந்தது. மாகாண ஆளுநரின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இளவரசி மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

"அப்போ கடல் எவ்வளவு?"

"தெரியாது. கொட்டகையைப் பூட்டி அரக்கு வெச்சிட்டாங்க."

அவர் உபசார அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு வேற ஊர்ல ஒரு பாலம் திறக்கணும்" என்றார் இளவரசி என்னிடம், உண்மையான வருத்தத்தோடு. பிறகு அழகான கையெழுத்தில் 231 என்று எழுதிக் கையொப்பமிட்டார். பன்னிரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில், நாற்பது அடி தள்ளி, துணிக்குப் பின்னால் பூட்டிய கொட்டகைக்குள், உண்மையான தண்ணீர் ஏதோ ஓர் எண்ணில் நின்றுகொண்டிருந்தது. அது எந்த எண் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்று மணிக்கு அவசரக் கூட்டம். முதல் பொருள், நான் நீ என்று சொன்னது. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது பொருளை எழுப்பியது நான்தான்.

"இளவரசி சத்தியப்பிரமாணம் செஞ்ச வாசிப்பாளர் இல்லை. பதிலாளும் இல்லை. விதிப்படி அந்த எண் செல்லாது. அடிச்சிட்டு, காலின்னு குறிச்சிடலாம்."

அவர்கள் முகத்தில் அச்சத்தைப் பார்த்தேன். என் வாதம் பலித்துவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் நம்பினேன்.

"அரச கையெழுத்தை அடிக்கிறதா?" என்றார் ஏவால்ட். "தோர்கெல், வேற வழி சொல்லு."

தோர்கெல் இம்மாதிரி நேரங்களுக்காகவே பிறந்தவர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அந்த எண் செல்லணும்னா அவங்க வாசிப்பாளரா இருக்கணும். அதனால பதினொண்ணு ஐம்பத்தொன்பது முதல் இளவரசியை வாசிப்பாளரா நியமிச்சதா இப்போ தீர்மானம் போடுவோம். சத்தியப்பிரமாணத்தைத் தபால்ல அனுப்பி வாங்கிக்கலாம்."

"பதவி ஒண்ணுதானே இருக்கு?" என்றேன்.

"ஆமா" என்றார் அவர் கனிவாக. "அதனால அதே நேரம் முதல் நீ விடுபடறே. நன்றியோட."

ஒருமனதாக நிறைவேறியது. எனக்கு நினைவுப் பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். அதில் கிணற்றின் படம் இருந்தது, மேடைக் கிணற்றின் படம்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு யாரு எடுப்பா?" என்று கேட்டேன்.

"வாசிப்பாளர்."

"அவங்க ஸ்டாக்ஹோம்ல இருக்காங்க."

"வசதியான நேரத்துல வந்து எடுக்கும்படி அரண்மனைக்கு எழுதறோம். ஆறு, எட்டு வாரத்துல பதில் வரும்."

"கடல் எட்டு வாரம் காத்திருக்குமா, தோர்கெல்?"

"இருநூத்தைம்பது வருஷமா அது நமக்கு ஒத்துழைச்சிருக்கு" என்றார்.

மறுநாள் பதினொன்றரைக்கு நான் கழகத்தின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் கால் தானாக வந்துவிட்டது. கொட்டகை வாசலில் ரிப்பன் அப்படியே இருந்ததால் அதற்குமேல் போக இடமில்லை. குன்-பிரிட் மிச்சமிருந்த வட்டக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அரைமணியில நின்னுடும்" என்றேன். "போர்க் காலத்துல நிக்கலை. காலரா வந்தப்போ நிக்கலை. ஒரு வருஷம் வாசிப்பாளர் பிரசவ வலியோட இறங்கிப் பாத்து எழுதியிருக்கா. விழா கொண்டாடினதால நிக்குது."

"அழாதே. கேக் தின்னு."

"அழலை. எரியுது."

அவள் கையைத் துடைக்க மேலங்கியில் கை வைத்தாள். பையில் ஏதோ சரசரத்தது. எடுத்துப் பார்த்தாள். கனத்த தாள், நான்காக மடித்தது, சிவப்பு முத்திரை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெண்டெலா, இப்போ வாசிப்பாளர் யாரு?"

"இளவரசி."

"அவங்களால வர முடியலைன்னா?"

"எழுத்துல நியமிச்ச பதிலாள்…" என்று தொடங்கியவள் நிறுத்தினேன். தாளை அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தேன். விழா ஆண்டு முடியும்வரை. விழாவை ஒட்டிய எல்லாக் காரியங்களிலும். செப்டம்பர் பதினைந்து. ஆண்டு முடிய இன்னும் மூன்றரை மாதம் இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்குத் தோர்கெலின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தோம். அவர் அரண்மனைக்கு எழுதும் கடிதத்தின் மூன்றாவது வரைவில் இருந்தார். குன்-பிரிட் தாளை மேசைமேல் விரித்தாள். அவர் படித்தார். முத்திரையை விரலால் தடவினார். மறுபடி படித்தார்.

"இது ஒத்திகைக்குக் குடுத்தது."

"ஒத்திகைன்னு எங்கே போட்டிருக்கு? காட்டு."

அவர் தேடினார். போடவில்லை. தோர்கெலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தன் வாழ்நாளில் எந்த மனிதரையும் நம்பியதில்லை. எந்த முத்திரையையும் சந்தேகித்ததுமில்லை. மெதுவாக எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். குனிந்தார்.

"இளவரசி அம்மையாருக்கு என்ன வேண்டும்?"

"இளவரசிக்குச் சாவி வேணும். புத்தகமும் வேணும். சீக்கிரம்."

துணியை விலக்கி, ரிப்பனைக் கேக் கத்தியால் அறுத்தோம். பதினோரு படி இறங்கினோம். நான் விளக்கைப் பிடித்தேன்; அதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை. அவளை ரப்பர் துண்டின்மேல் முட்டி போடச் சொன்னேன்.

"இன்னும் கீழே. கண்ணு தண்ணிக்கு நேரா வரணும். மேலேருந்து பாத்தா ஏமாத்தும்."

"இளவரசி முட்டி போடுறதில்லைன்னு சொன்னாங்க."

"இந்த இளவரசி போடுவா."

தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. அதன் விளிம்பு பித்தளைமேல் மெல்லிய ஒளிக்கோடாக ஏறி நின்றது. மேலே நகர மண்டபத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. நான் எண்ணை முன்னாலேயே பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"நூத்து நாப்பத்தொண்ணு" என்றாள் குன்-பிரிட், பன்னிரண்டாவது மணிக்கு.

மேலே வந்து புத்தகத்தைத் திறந்தோம். வரிசையாக என் கையெழுத்து, 144, 143, 142. அதன் கீழே அழகான சாய்வெழுத்தில் 231. அதைத் தாண்டி வெறும் கோடு. குன்-பிரிட் நாக்கைக் கடித்துக்கொண்டு 141 என்று எழுதினாள். பக்கத்தில் தன் பெயரையும், இளவரசிக்காக என்றும் எழுதினாள். பிறகு பேனாவை எடுக்காமல் மேல் வரியையும் கீழ் வரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல கடல் தொண்ணூறு சென்டிமீட்டர் இறங்கியிருக்கே! இன்னும் நூறு வருஷம் கழிச்சு எவனாவது கேட்டா என்ன பதில் சொல்றது?"

கால் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்தேன்.

"மேடை உயர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்றேன்.